குழந்தைகளைக் காத்த டாக்டர் அம்மாள்

நியூயார்க் நகரில் வானளாவிய கட்டிடங்கள் எழும்பிய காலம். அதே நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஏழைகள் இருட்டறைகளில் அடைந்து கிடந்தார்கள். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். காற்றும் இல்லை; வெயிலும் இல்லை.

கோடை வந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிடும். நகரில் ஒரே வாரத்தில் 1,500 குழந்தைகள் வரை இறந்தது உண்டு!

சாரா ஜோசபின் பேக்கர் என்ற பெண் டாக்டர் சுகாதார இலாகாவில் வேலை பார்த்தார். நோய் வந்தபின் ஓடுவதைவிட, வராமல் தடுப்பதே மேல் என்பது அவர் எண்ணம்.

1908-ம் ஆண்டு கோடையில் அங்கே நர்சுகளை அனுப்பினார். குழந்தை பிறந்ததாகப் பதிவானதும் நர்சு வீட்டுக்கே போய்விடுவார்.

தாய்ப்பால் கொடுங்கள், தினமும் குளிப்பாட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், புழுக்கத்தில் துணியைச் சுற்றாதீர்கள். சொன்னது இவ்வளவுதான். புது மருந்து எதுவும் இல்லை!

முந்திய கோடையைவிட அந்தப் பகுதியில் 1,200 சாவுகள் குறைந்தன.

அந்த ஆண்டே குழந்தைகள் நலனுக்குத் தனி இலாகா ஏற்பட்டது. பேக்கர்தான் தலைவர். பெண்ணின் கீழ் வேலை செய்வதா என்று ஆண் டாக்டர்கள் சிலர் ராஜினாமா கொடுத்தார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் அம்மையார். இருந்துவிட்டார்கள்!

தாய் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைச் சுமப்பவள் அக்காள்தானே? அங்கும் அப்படியே. அந்தச் சிறுமிகளுக்காகப் பள்ளிகளில் "சின்னத் தாய்மார்" சங்கம் வைத்தார். அங்கே கற்றதை அவர்கள் வீட்டில் தாய்க்கும், அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.