சுதந்திரவாதமும் மூன்றாம் கட்சி வாக்கும்

சொற்களுக்கும் வர்க்கச் சார்பு உண்டு என்பதனை ‘லிபற்றேரியன்’ என்னும் சொல்லின் வரலாறு உணர்த்துகின்றது. அரசையும் தனிச்சொத்துடைமையையும் ஒருங்கே எதிர்த்த பிரெஞ்சு அராஜகவாதி ஜோசப் தெஜாக், 1857 ஆம் ஆண்டில் அதன் பிரெஞ்சு வடிவத்தைத் தமது கொள்கைக்குப் பெயராக வழங்கினார்; மறு ஆண்டு நியூயோர்க்கில் அப்பெயரிலேயே ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். ஒரு நூற்றாண்டின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் அச்சொல், தனிச்சொத்துரிமையையும் கட்டற்ற சந்தையையும் போற்றுவோரின் பெயராயிற்று. அரசெதிர்ப்பு எஞ்சியது, சொத்துடைமை பற்றிய நோக்கு தலைகீழாயிற்று. இப்பிற்காலக் கொள்கையையே நாம் இங்குச் சுதந்திரவாதம் என்கின்றோம்.

இக்கொள்கையினர் 1971 ஆம் ஆண்டில் கொலராடோவில் லிபற்றேரியன் கட்சியை நிறுவினர். வியட்நாம் யுத்தமும், அவ்வாண்டு நிக்சன் விதித்த கூலி, விலைக் கட்டுப்பாடுகளும் அதன் உடனடிப் பின்னணியாகும். கட்டாய இராணுவ சேவையையும் அந்நிய நாடுகளிலான தலையீட்டையும் எதிர்த்த அக்கட்சி, அதே மூச்சில் வரியையும் சமூகநலத் திட்டங்களையும் எதிர்த்தது. முற்போக்காளர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

1980 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் இக்கட்சி ஏறத்தாழ 9 இலட்சத்து 20 ஆயிரம் வாக்குகளைப் பெற்றது. வேட்பாளர் ஒருவர் தமது சொந்தப் பணத்தை வரம்பின்றிச் செலவிடலாம் என 1976 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தமையால், பெருமுதலாளியான டேவிட் கோக்கை அக்கட்சி உபசனாதிபதி வேட்பாளராக்கியது. எல்லோர்க்கும் பொதுவெனக் கூறப்பட்ட சுதந்திரம், மூலதனம் உடையோர்க்கே பயன்படும் விதத்தை இங்குக் காணலாம். 2016 இல் அக்கட்சியின் வாக்குகள் ஏறத்தாழ 45 இலட்சமாக, அதாவது 3.3 வீதமாக, உயர்ந்தன. 2024 இல் 0.4 வீதமாக வீழ்ந்தன.

இவ்வீழ்ச்சியைக் கொள்கையின் வலிமையின்மையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. 48 மாநிலங்களில், முதலிடம் பெறுபவர் அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தையும் பெறுகின்றார். 1992 இல் சுயேச்சையாளரான ரொஸ் பெரோ ஏறத்தாழ 19 வீத வாக்குகளைப் பெற்றும் ஒரு தேர்வாளர் வாக்கையேனும் பெற்றாரில்லை. 2000 ஆம் ஆண்டில் புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளால் வென்றபோது, பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கு 97,000 இற்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றிருந்தார். மூன்றாம் கட்சிக்கு இடும் வாக்கு வீண், அன்றேல் எதிரிக்குத் துணை என்னும் அச்சம் இவ்வமைப்பிலிருந்தே பிறக்கின்றது.

இதற்குச் சுதந்திரவாதிகள் கூறும் மறுமொழி, வாக்கு என்பது தனிமனிதனின் மனச்சாட்சி என்பதாகும். மனச்சாட்சியை நாம் இகழவில்லை. ஆயின் வாக்கின் பயன் வாக்காளனின் உள்ளத்தில் அன்றி, அதனை எண்ணும் சமூக விதிகளிலேயே நிர்ணயமாகின்றது. 1912 இல் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளர் யூஜின் டெப்ஸ் 6 வீத வாக்குகளைப் பெற்றார். அவருக்கும் தேர்வாளர் வாக்கு கிட்டவில்லை. எனினும் அவ்வாக்குகளின் பின்னே தொழிற்சங்கங்களும் பத்திரிகைகளும் நகராட்சிகளை வென்ற அனுபவமும் இருந்தன. ஓர் இயக்கத்தின் உறுப்பாய் அமையும் வாக்கு, தோற்றாலும் வீணாவதில்லை.

விதிகளும் மாற்றத்தக்கனவே. மெயின் மாநிலம் 2020 முதல் சனாதிபதித் தேர்தலில் விருப்பு வரிசை முறையைக் கையாளுகின்றது. எமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் சனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்புகள் வரை குறிக்க இடமளிக்கின்றது; 2024 இலேயே முதன்முறையாக இரண்டாம் கணக்கெடுப்பு நிகழ்ந்தது.

சுதந்திரவாதத்தின் சந்தை வழிபாட்டை நாம் ஏற்கவில்லை. ஆயினும் சிறு கட்சிகளை ஒதுக்கும் விதிகளை அதன்பொருட்டு வரவேற்போமாயின் பெருந்தவறு இழைத்தோராவோம். அவர்களை வெளியே நிறுத்தும் கதவே டெப்ஸின் கட்சியையும் வெளியே நிறுத்தியது.