திரை இழுத்தவருக்கும் ஒரு மாலை

சித்தூர் வி. நாகையா 1904-ல் பிறந்தது குண்டூர்ப் பக்கம். ஊர்ப் பெயரை அவருக்கு ஒட்டவைத்தது சித்தூர் ராம விலாச சபா மேடைதான். குமாஸ்தா வேலையும் பார்த்தவர். அங்கே பெண் வேடமும் கட்டினார். சபா நடித்த 'ரங்கூன் ரௌடி' நாடகம் 1938-ல் 'கிருஹலக்ஷ்மி' என்ற படமாயிற்று. அதில் சினிமாவுக்குப் போனார். 'அசோக்குமார்', 'மீரா' படங்களில் அவரைத் தமிழர்களும் கண்டார்கள். 1965-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நடிகருக்குப் பட்டம் வரும், சரி. திரை இழுத்தவர், வசனம் எடுத்துக் கொடுத்தவர், பெஞ்சு சுமந்தவர்? அமெச்சூர் சபா என்றால் பகலில் ஆபீஸ், இரவில் ஒத்திகை, கைச்செலவு வேறு. ஆபீசிலாவது ரிட்டயர் ஆகும் அன்று மாலையும் டீயும் உண்டு.

சித்தூரிலும் திருப்பதியிலும் ஆண்டு விழா நடத்தும் சபாக்காரர்கள், தலைமை விருந்தினருக்கு வாங்கும் பொன்னாடையோடு இன்னொன்றும் வாங்கலாம். இருபது வருஷம் திரைக்குப் பின்னால் நின்றவரை, அவர் நடமாடும்போதே முன்னால் அழைக்கலாம்.