உங்களுக்குத் தெரியுமா? வேனில் வருவோருக்கு பினாங்கில் இணையம்

தாய்லாந்து எல்லையைத் தாண்டி கேம்பர்வேனில் பினாங்குக்கு வருகிறீர்களா? வண்டியில் பழைய 3ஜி மோடம் இருந்தால் கழற்றி வைத்துவிடலாம். 2021 இறுதியோடு மலேசியா 3ஜிக்கு மூடுவிழா நடத்திவிட்டது. பல நாள் தங்குபவருக்கு ரோமிங்கைவிட உள்ளூர் ப்ரீபெய்ட் சிம்தான் கட்டுப்படியாகும். 2006 முதல் பதிவு கட்டாயம் என்பதால், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடையிலும் கடப்பிதழை நீட்டியாக வேண்டும்.

பணம் கொடுக்குமுன் ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி என்று கேளுங்கள். கொட்டை எழுத்து 'அன்லிமிடெட்'டுக்குக் கீழே அந்த வரம்பு பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும். லேப்டாப்பை நம்பி வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கோப்பிக்கடை வைஃபையில் செய்தி படிக்கலாம். வங்கிக் கணக்கு என்றால் சொந்த டேட்டாவுக்கு மாறிவிடுங்கள்: கடையின் பெயரிலேயே போலி வைஃபை வைக்க ஒரு கைப்பேசி போதும். தானாக இணையும் வசதியையும் அணைத்துவையுங்கள்.