நெட்டி முறிக்கும் வைத்தியமும் வீரரின் வேகமும்

பெயர்பெற்ற விளையாட்டு வீரர்கள் பந்தயத்துக்கு முன்னர் ஒரு மேசைமீது குப்புறப் படுத்துக்கொள்வதும், ஒருவர் அவர்தம் முதுகைக் கையால் அழுத்திச் ‘சடக்’கென்று ஒலி எழச் செய்வதும் இக்காலத்துக் கைப்பேசிப் படங்களில் அடிக்கடி காணப்படுகின்றன. இவ்வைத்தியத்துக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். இதனால் வீரனின் வேகமும் வலிமையும் கூடும் என்பார் உளர். ஓட்டத்திலும் கபடியிலும் பிள்ளைகளை ஈடுபடுத்தியுள்ள அங்கத்தினர்களும், தறியிலும் வயலிலும் குனிந்து நிமிர்ந்து முதுகு நொந்தவர்களும் இதைக் குறித்து அறிய விரும்புவது இயல்பே. பணமும் உடலும் ஒருங்கே சம்பந்தப்பட்ட காரியமாதலின், சொல்லப்படுவதில் மெய் எவ்வளவு என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

இவ்வைத்தியம் தோன்றிய இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐயோவா மாகாணத்திலுள்ள டேவன்போர்ட் நகரம். 1845-இல் கனடாவிற் பிறந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர் அந்நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பரில், தம் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்பவரின் காது மந்தமாயிருப்பதைக் கண்டு, அவருடைய முதுகெலும்பில் பிசகிய இடம் ஒன்று உள்ளதெனக் கருதி அதை அழுத்தினார். கேட்கும் சக்தி திரும்பிவிட்டதென்று பின்னர் அறிவித்தார். கேட்கும் நரம்போ மூளையிலிருந்து நேரே காதுக்குச் செல்வது. முதுகுத்தண்டின் வழியே செல்வதன்று. ஆதலின் இக்கதையை ஐயுறுவோர் பலர். எனினும் 1897-இல் பால்மர் பள்ளியொன்றும் நிறுவிவிட்டார். முள்ளெலும்புகள் சற்றே நிலைபிசகி நரம்பின் ஓட்டத்தைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. உரிமமின்றி வைத்தியம் செய்தார் என்று 1906-இல் சிறையும் புகுந்தார். அதன்பின் 1913-இல் கன்சாஸ் மாகாணம் முதலாவதாகவும், 1974-இல் லூயிசியானா மாகாணம் கடைசியாகவும் இவ்வைத்தியர்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தன.

ஆங்கில வைத்தியர்களின் சங்கம் இவர்களைப் பகிஷ்கரித்து வந்தது. இவர்களுட் சிலர் 1976-இல் தொடுத்த வழக்கில், அச்சங்கம் போட்டியைத் தடுக்கும் சதி செய்ததென்று 1987-இல் தீர்ப்பாயிற்று. இவ்வைத்தியம் பலிக்கும் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாகச் சிலர் இதை எடுத்துக் காட்டுவர். அது பொருந்தாது. அத்தீர்ப்பு தொழிற்போட்டிச் சட்டத்தைப் பற்றியதேயன்றி நோய் தீர்வதைப் பற்றியதன்று.

விளையாட்டுக் களத்தில் இவர்கள் காலூன்றியது மெதுவாகவே. 1980-இல் லேக் பிளாசிட்டில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கு அமெரிக்கக் குழுவினர் ஒரு கைரோபிராக்டரையும் உடன் அழைத்துச் சென்றனர். 2010-இல் வான்கூவரில் வீரர்களுக்கான வைத்தியசாலையிலேயே இவர்களுக்கு இடம் கிடைத்தது. இன்று பெரிய குழுக்கள் பல இவர்களை வைத்துக்கொண்டுள்ளன. ஆனால் ஒரு குழு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருப்பது அவர் கைவைத்தியத்தால் ஓட்டம் விரைந்தது என்பதற்குச் சான்றாகிவிடாது.

அந்தச் ‘சடக்’ ஒலியைச் சற்று ஆராய்வோம். ஏனெனில் மக்களை மயக்குவது அதுவே. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையும் முள்ளெலும்புகள் 24 உள. ஒன்றோடொன்று சேரும் இடங்களில் சிறு மூட்டுகளும், அவற்றுள் எண்ணெய்போன்ற திரவமும் இருக்கின்றன. மூட்டு திடீரென விரிக்கப்படும்போது உள்ளழுத்தம் குறைந்து, திரவத்திற் கரைந்த வாயு குமிழாகப் பிரிகிறது. கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டைக் காந்த அதிர்வுக் கருவியாற் படம்பிடித்து, ஒலி எழும் கணத்தில் அத்தகைய வெற்றிடம் தோன்றுவதை 2015-இல் காட்டினர். ஆகவே நாம் விரலில் எடுக்கும் சொடக்கும் முதுகில் எழும் ஒலியும் ஒரே இனம். பிசகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஓசை அன்று அது. சொடக்கு எடுத்த விரலில் உடனே மீண்டும் எடுக்க முடியாமற் போவதும் இக்குமிழினாலேயே. (சொடக்கெடுத்தால் முடக்குவாதம் வரும் என்னும் அச்சத்தைச் சோதிக்க, டொனால்டு உங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளாக ஒரு கை விரல்களில் மட்டும் சொடக்கெடுத்து வந்தார், இரு கைகளிலும் வாதம் வரவில்லை!)

பிரிட்டனில் இத்தொழிலைக் கண்காணிக்கும் கவுன்சிலே, முள்ளெலும்புப் பிசகால் நோய் உண்டாகிறது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லையென 2010-இல் ஒப்புக்கொண்டது.

அப்படியாயின் வீரன் ஏன் எழுந்தவுடன் இலேசாக உணர்கிறான்? மூட்டு சிறிது நேரம் தாராளமாக அசைகிறது, இறுகிய தசை தளர்கிறது, வலி மங்குகிறது. ஒருவர் கவனித்துப் பேணினார் என்னும் தைரியமும் சேர்கிறது. வேகம், பாய்ச்சல், பிடிப்பலம் ஆகியவற்றை அளந்த சோதனைகள் பெரும்பாலும் சிலரைமட்டுமே வைத்து, சிகிச்சை முடிந்த உடனேயே செய்யப்பட்டவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. முதுகை அழுத்தியதை அழுத்தப்பட்டவனுக்கு மறைத்து வைப்பதும் அரிது. வலியற்ற வீரனை இச்சிகிச்சை வேகமுள்ளவனாக்கும் என்று சொல்லத் தக்க ஆதாரம் இதுவரை இல்லை என்பதே நம் கருத்து.

இடுப்புவலி உள்ளவர் செய்தி வேறு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுத்தொகுப்பு 26 சோதனைகளை ஆராய்ந்து, புதிதாய் வந்த இடுப்புவலி இதனால் ஓரளவு தணிகிறது என்றது. 2019-இல் வெளியான மற்றொன்று 47 சோதனைகளைத் தொகுத்து, நாட்பட்ட வலிக்கு இது தேகப்பயிற்சி முதலிய ஏனைய முறைகளுக்குச் சமம் என்று கண்டது. சமம் என்றது, மேல் என்றதன்று. இயன்முறை வைத்தியர் கற்பிக்கும் பயிற்சியை வீட்டிலேயே நாள்தோறும் செய்துகொள்ளலாம். மேசைமீது படுப்பதற்கோ ஒவ்வொரு முறையும் பணம் தரவேண்டும்.

அபாயத்தையும் சொல்லவேண்டும். கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் இரண்டு செல்கின்றன. கழுத்தை வெடுக்கெனத் திருகுகையில் இவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் நேர்ந்ததுண்டு. அரிதே எனினும், நேர்ந்தால் மீட்பது கடினம். முடிதிருத்தும் நிலையங்களில் தலையைப் பிடித்துவிட்டபின் கழுத்தில் நெட்டி முறிப்பது நம்மிடையே உள்ள வழக்கம்; அதனை அடியோடு விட்டுவிடுதல் நலம். கழுத்தைத் திருகியபின் என்றுமில்லாத தலைவலி, தலைசுற்றல், பேச்சுக்குழறல், பார்வை இரட்டித்தல் தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதியாது பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

வேகப்பந்து வீசும் வாலிபர்க்கு இடுப்பெலும்பில் நுண்ணிய விரிசல் உண்டாவதுண்டு. இதற்கு வேண்டுவது ஓய்வு. அழுத்துவதும் திருகுவதும் தகா. அவ்வாறே எலும்பு தேய்ந்த முதியவர்களும், கால் மரத்து வலுவிழந்தவர்களும், சிறுநீர் கட்டுக்கடங்காதவர்களும், காய்ச்சலோடு முதுகுவலி உள்ளவர்களும் முதலில் டாக்டரிடமே காட்டவேண்டும். அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஆவதற்குப் பல ஆண்டுகள் கல்லூரியிற் படித்துத் தேறவேண்டும். நம் நாட்டிலோ கைப்பேசிப் படம் பார்த்துக் கைபழகியவரும் அப்பெயரைப் போட்டுக்கொள்வது காண்கிறோம். ஆதலின் எங்குப் படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று கேளுங்கள். கழுத்தைத் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இருபது, முப்பது முறைக்கு ஒருங்கே முன்பணம் கேட்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.