வரவு வரும் வழியும் வீட்டுக் கணக்கும்

பெங்களூரின் கிழக்கே, பழைய படைநிலையப் பகுதியைச் சேர்ந்தது காக்ஸ் டவுன். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே படைநிலையம் அமைத்தது தொட்டுத் தமிழர் இப்பக்கம் குடியேறலாயினர். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரையில் இருப்புப்பாதை வந்த பின்னர் அவ்வரவு பெருகிற்று. இன்றும் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் தமிழிலே விலை கேட்டு, தமிழிலே பேரம் பேசிக் கறிகாய் வாங்கலாம். மொழியால் ஊர் மாறியதே தெரியாத இடம் அது. ஆனால் வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஊர் மாறியது நன்றாகத் தெரியும். ஒரே சம்பாத்தியத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும்: இங்கே ஒன்று, சொந்த ஊரில் பெற்றோர் வீட்டில் ஒன்று. பம்பாயிலும் டெல்லியிலும் வாழும் நேயர்களுக்கும் இந்த நிலைமை புதிதன்று.

வரவு செலவுத் திட்டம் போடுவது எப்படி என்று எடுத்துரைப்போர் பலர். அமெரிக்க நாட்டில் எலிசபெத் வாரன் என்னும் சட்டப் பேராசிரியை தம் மகளுடன் சேர்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாக ஒரு கணக்கு உலகெங்கும் பரவிற்று. கைக்கு வரும் பணத்தில் பாதி தேவைகளுக்கு, முப்பது சதவிகிதம் விருப்பங்களுக்கு, இருபது சதவிகிதம் சேமிப்புக்கு என்பதே அது. கேட்பதற்கு எளிது. நம் நாட்டு நகரங்களின் நிலை என்ன? 2023-24ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய குடும்பச் செலவு ஆய்வின்படி, நகரவாசிகள் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ நாற்பது ரூபாய் உணவுக்கே போகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றை அதன்மேல் ஏற்றினால், பாதியென்னும் எல்லை மாதத்தின் முதல் வாரத்திலேயே உடைந்துபோகும். அத்திட்டத்தை மேற்கொண்ட குடும்பம், "நமக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று தன்னையே நொந்துகொள்கிறது. குறை குடும்பத்தினுடையதன்று. மாதச் சம்பளமும் நிறைந்த வரவும் உள்ளவர்க்கு அளந்து தைத்த சட்டையை மற்றவர் அணிந்துகொண்டால் அது எங்கேனும் பிடிக்கத்தான் செய்யும்.

ஆகவே, எந்த முறை நமக்கு ஏற்றது என்று காண விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது செலவை அன்று, வரவை. எவ்வளவு வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நடையில் வருகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

மாதச் சம்பளக்காரர்க்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சம்பளம் வந்த அன்றே வாடகையையும் ஊருக்கு அனுப்ப வேண்டியதையும் சேமிப்பையும் பிரித்துவிட்டு, எஞ்சியதை நான்கு வாரங்களுக்குப் பங்கிட்டுக்கொண்டால் போதும். ஒவ்வொரு காசையும் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வாரக் கூலிக்காரரின் கணக்கு வேறு. கட்டட வேலை, வர்ண வேலை, தச்சு வேலை செய்வோர்க்குப் பெரும்பாலும் சனிக்கிழமைதான் பட்டுவாடா. ஆனால் வீட்டுக்காரர் வாடகை கேட்பது மாதத்துக்கு ஒருமுறை. வரவின் நடையும் செலவின் நடையும் ஒத்துப்போகாததே இங்குள்ள தொல்லை. வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி வந்தவுடன் அதில் நான்கில் ஒரு பங்காகிய 2,000 ரூபாயை வாடகைக்கென்று எடுத்து வைக்க வேண்டும். நான்கு வாரத்தில் வாடகை சேர்ந்துவிடும். ஓராண்டுக்குச் சனிக்கிழமைகள் 48 அல்லவே, 52 அன்றோ? நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமைகள் வரும். ஒரு வாரமும் தவறாமல் எடுத்து வைத்தவரிடம் ஆண்டு முடிவில் 1,04,000 ரூபாய் சேர்ந்திருக்கும்; வாடகைக்குப் போனது 96,000 ரூபாய். மீதி 8,000 ரூபாய், அதாவது ஒரு மாத வாடகை, தானாகவே கையில் நிற்கும். மழையினால் வேலை நின்ற வாரங்களில் தாங்கி நிற்பது அந்தத் தொகைதான். ஐந்தாவது சனிக்கிழமையின் பணத்தை "அதிகப்படி வரவு" என்று எண்ணிச் செலவிட்டுவிடுவதே வழக்கமாக இருப்பதால், இந்த நன்மை பல வீடுகளில் கண்ணுக்குப் படாமலே கழிந்துபோகிறது.

நாள்தோறும் சம்பாதிப்போரான பூ விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோர்க்கு வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒரே சுருக்குப் பையில் கிடக்கின்றன. மறுநாள் விடியுமுன் கே. ஆர். மார்க்கெட்டில் பூ வாங்குவதற்கான முதலை மாலையிலேயே வேறாக முடிந்து வைத்துவிட்டு, மீதியைத்தான் வரவென்று எண்ண வேண்டும். இந்தப் பிரிவினை இல்லாத வீட்டில் ஒருநாள் முதல் கரைந்துபோகிறது. அன்று தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார்.

தண்டலின் கணக்கைச் சற்றே நிதானமாகப் பார்ப்பது நல்லது. 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 9,000 ரூபாய்க்கு ஆயிரம் வட்டி, நூற்றுக்குப் பதினொன்றுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 ரூபாய் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்து வருகிறோம். சராசரியாக நம்மிடம் நிற்பது அதில் பாதிதான். காலமும் ஓராண்டன்று, மூன்று மாதமும் சில நாளுமே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி ஏறத்தாழ 80 சதவிகிதம் ஆகிறது. இதைக் கேட்டும் வாங்கத்தான் வேண்டியிருக்கிறதென்றால் வாங்குபவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பிணியும் சாவும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தீபாவளியோ கேட்டுக்கொண்டுதான் வருகிறது.

வெளியூரில் வாழும் குடும்பத்தைச் சாய்ப்பது அன்றாடத் தேநீர்ச் செலவன்று. தேதி முன்கூட்டியே தெரிந்தும் நாம் திடீர்ச் செலவென்று பெயரிட்டுக்கொள்ளும் செலவுகளே. பள்ளிக் கட்டணம், தீபாவளிக்கு ஊர்ப் பயணமும் துணிமணியும், உறவினர் திருமணத்தில் எழுத வேண்டிய மொய், குலதெய்வக் கோயில் திருவிழா ஆகியவற்றைச் சென்ற ஆண்டுக்கு ஆனபடியே கூட்டிப் பார்க்க வேண்டும். 48,000 ரூபாய் ஆகிறதென்றால் மாதத்துக்கு 4,000 ரூபாய். வாரக் கூலியானால் ஏறத்தாழ 925 ரூபாய். இதைச் சேமிப்பு என்று அழைப்பதே பிழை. இது செலவு, பணம் போகும் நாள்தான் பிந்தியிருக்கிறது. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம் என்றாலும் அதன் தவணை ஐந்து ஆண்டு. இவ்வகைச் செலவுக்கு வங்கியின் ஓராண்டுத் தொடர் வைப்பே பொருந்தும்.

நம்மவர் பெரிதும் விரும்புவது சீட்டு. விட்டுவிடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. தானாகச் சேர்க்க முடியாதவரையும் அது சேர்க்க வைக்கிறது. தவணை தவறினால் பத்துப் பேர் கேட்பார்கள் என்னும் கூச்சமே காவல். கடைசி வரை எடுக்காதவர்க்கு அது சேமிப்பு. தொடக்கத்திலேயே தள்ளி எடுத்தவர்க்கு அது கடன். எதற்காகச் சேர்கிறோம் என்பதைச் சேரும் நாளிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது நலம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் பதிவு செய்வதோடு சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தைப் பிணையாகவும் கட்ட வேண்டும். அவர் பெறும் கமிஷன், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஏழு சதவிகிதத்துக்கு மேற்படக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுவது அவமரியாதை ஆகாது. தெரிந்தவர், நம் ஊர்க்காரர் என்பது பிணைத் தொகைக்கு ஈடாகாது.

பெங்களூருக்கே உரிய இன்னொரு சுமை வீட்டு அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் நெடுநாள் வழக்கம். 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே முன்பண எல்லை என்கிறது. ஆயினும் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லும். காலி செய்யும்போது வர்ணம் பூசுவதற்கென்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதும் இங்கே பெருவழக்கு. ஆகவே அட்வான்ஸ் பணத்தை நம் சேமிப்பில் எழுதும்போது ஒரு மாதம் குறைத்தே எழுத வேண்டும். அடுத்த வீட்டுக்கு அது அப்படியே போய்விடும் என்பதையும் மறக்கலாகாது.

முன்னாளில் அரிசி டப்பாவில் ஒன்று, அஞ்சறைப் பெட்டியின் அடியில் ஒன்று என்று பணத்தைப் பிரித்து வைத்த தாய்மார் எந்த நூலையும் படித்ததில்லை. டப்பா காலியானால் செலவு நின்றது, அவ்வளவே கணக்கு. 2016ஆம் ஆண்டில் வந்த யு.பி.ஐ. முறை அந்த டப்பாவை உடைத்துவிட்டது. கைப்பேசியில் பணம் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காகக் கைப்பேசியை ஒதுக்க வேண்டுவதில்லை. வங்கிக் கணக்கு இரண்டாக இருக்கட்டும். கூலி வரும் கணக்கைக் கைப்பேசியோடு இணைக்காமல் வைத்து, வாரச் செலவுக்கு மட்டும் மற்றக் கணக்குக்கு மாற்றினால் அதுவே பழைய டப்பா ஆகிவிடும்.

எழுதி வைக்க விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. காக்ஸ் டவுன் வீடுகள் பலவற்றில் பாட்டி தமிழ் மட்டும் படிப்பார். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பார்கள். ஒருவர் எழுதி மற்றவரால் படிக்க முடியாத நோட்டு ஆறு மாதத்தில் பரண்மேல் ஏறிவிடும். வாடகை, ஊர், பள்ளி, பண்டிகை என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தையோ குறியையோ இட்டு, எண்களை மட்டும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டலாம். அதைக் கூட்டும் வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுக்கலாம். ரயிலில் முன்பதிவு, பயண நாளுக்கு அறுபது நாள் முன்னரே தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன் அது நூற்றிருபது நாளாக இருந்தது. தீபாவளிக்கு ஊர் போக வேண்டுவோரின் பண்டிகைக் கட்டத்தில், பயணச்சீட்டுக்கான தொகை ஆவணி மாதத்துக்குள்ளாகவே நிறைந்திருக்க வேண்டும்.