‘சிலபஸ்’ என்பதன் பன்மை யாது?

பாடவிதானத்தைக் குறிக்கும் ‘சிலபஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பன்மை ‘சிலபஸஸ்’ என்பதா, ‘சிலபை’ என்பதா? ஆசிரியர் கூடுமிடங்களில் இவ்வினா எழுவதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். இலத்தீன் அறிந்தோம் என்போர் பின்னதே செம்மை என்பர். மாணவன் முன்னதை எழுதினாற் சிவப்பு மையாற் கோடும் இடுவர். அக்கோடு நீதியன்று என்பதே என் கருத்து.

இச்சொல்லின் பிறப்பு விந்தையானது. கி.மு. 56ஆம் ஆண்டிலே உரோம நாவலர் சிசரோ தம் நூலகத்தை ஒழுங்குசெய்ய முற்பட்டார். நண்பர் அற்றிக்கஸுக்கு எழுதிய கடிதத்தில், ஏவலாளர் இருவரை அனுப்புமாறும், ஏட்டுச்சுருள்களுக்குரிய தலைப்புச் சீட்டுகளுக்காகத் தோல் கொடுத்துவிடுமாறும் வேண்டினார். அச்சீட்டுகளைக் கிரேக்கர் வழங்கிய ‘சிற்றிபா’ என்னும் பெயராற் சுட்டினார். இரண்டாம் வேற்றுமைப் பன்மையில் அது ‘சிற்றிபாஸ்’ என நின்றது. 15ஆம் நூற்றாண்டில் அக்கடிதங்கள் அச்சேறியபோது, எழுத்து மயங்கி அது ‘சிலபோஸ்’ ஆயிற்று. பிழையென உணராத அறிஞர் அதற்குச் ‘சிலபஸ்’ என்றோர் ஒருமையைக் கற்பித்தனர். ‘ஒன்றுசேர்த்தல்’ என்னும் கிரேக்க வினையோடு உறவும் காட்டினர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதனை ஏற்றுக்கொண்டது. ஏட்டுப் பிரதிகளிற் பாடபேதம் பிறப்பதை நாமும் அறிவோம். ஆயின், பாடபேதமே தனிச்சொல்லாகிப் பள்ளிகளை ஆளுவது அருமையன்றோ!

ஆகவே, ‘சிலபை’ என்பது சிசரோ எழுதாத சொல்லுக்கு அவர் மொழியின் விகுதியைப் பூட்டியதேயாகும். பேரகராதிகள் இரு வடிவங்களையும் ஏற்கின்றன. ஆங்கில விகுதி பெற்றதே எனக்கு உவப்பு.

‘அஸ்’ என முடிவனவெல்லாம் ‘ஐ’ பெறும் என்பதும் முழு விதியன்று. உயிரியலார் வழங்கும் ‘ஜீனஸ்’ பன்மையில் ‘ஜெனெறா’ ஆகும். ‘ஸ்ரேற்றஸ்’ இலத்தீனிலே பன்மையிலும் எழுத்து மாறுவதில்லை. ஈற்றயல் உகரம் நீளும், அவ்வளவே. ‘இக்னோறேமஸ்’ பெயர்ச்சொல்லாகவே பிறந்ததன்று. ‘நாம் அறியோம்’ எனப் பொருள்படும் வினைமுற்று. ‘ஒம்னிபஸ்’ என்பதோ ‘எல்லார்க்கும்’ என்னும் நான்காம் வேற்றுமை. அதன் வாலை மட்டும் அறுத்தெடுத்தே நாம் நாள்தோறும் ‘பஸ்’ ஏறுகிறோம்.

‘டேற்றா’வின் வழக்கு வேறு. அது மெய்யாகவே இலத்தீன் பன்மை. ‘டேற்றம்’ அதன் ஒருமை. எனினும், இன்றைய ஆங்கிலத்தில் அது ஒருமை வினையும் கொள்கிறது, பன்மை வினையும் கொள்கிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ எனப் பால்பகா அஃறிணைப் பெயரை நன்னூலிற் பயின்ற நம் மாணவனுக்கு இதில் இடர் யாதுமில்லை.