தோணிக்கு ஏற்ற ஒட்டுப்பலகை

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிற் குடியிருந்து, மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் கமக்காரர் பலர். மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேயே. அதுவரை அங்கே 'பாதை' எனப்படும் மிதவையிலேயே மக்கள் அக்கரை சென்றனர். பாலம் வந்த பின்னரும், மாரி வெள்ளம் வரம்புகளை மூடும் நாட்களிற் பசளைப் பையையும் மரக்கறிக் கூடையையும் கொண்டுசெல்ல ஒரு சிறு தோணி பேருதவியாகும். குடைந்து தோணி செய்தற்கேற்ற பருமரம் இக்காலத்தில் அரிது. ஆதலால் ஊர்த் தச்சரைக் கொண்டு ஒட்டுப்பலகையால் தோணி கட்டுவிப்போர் பலகையைத் தெரிவதில் மிகுந்த கவனஞ் செலுத்துதல் வேண்டும். ஆகாத பலகையின் குறை வர்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்து, ஆளும் பாரமும் ஏறிய பின் நடுநீரிலேயே வெளிப்படக்கூடும்.

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை நார் குறுக்குமறுக்காக அமையுமாறு அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யப்படுவது. வாங்குவோர் பெரும்பாலும் மேற்றகட்டின் அழகையே நோக்குவர். ஆனால் தோணியின் ஆயுளை நிர்ணயிப்பவை பசையும் உட்டகடுகளுமேயாம்.

அலுமாரி முதலியவற்றுக்கான மலிந்த பலகைகளில் யூரியாவும் போமல்டிகைட்டும் சேர்ந்த பசையே பெரும்பாலும் உண்டு. வயலுக்கு இடும் அதே யூரியாதான். பயிருக்கு நல்லது, தோணிக்கு ஆகாது. நீரில் ஊறி வெயிலிற் காய, அப்பசை விட்டுப்போகும். தோணிக்கு வேண்டியது பீனோற் பசையிட்ட பலகை. அதன் விளிம்பிற் பசைக்கோடுகள் கருஞ்சிவப்பாகத் தோன்றும். எனினும் நிறம் ஒரு குறிப்பேயன்றி அத்தாட்சியன்று.

பிரித்தானிய நியமம் 1088, இந்திய நியமம் 710 ஆகியன கடற்பாவனைக்குரிய ஒட்டுப்பலகைக்கு வகுக்கப்பட்டவை. பலகையில் இவ்விலக்கங்களுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து, பற்றுச்சீட்டிலும் அதனை எழுதுவித்தல் நன்று. முத்திரையை மாத்திரம் நம்புதல் போதாது. கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு கேட்டுப் பெற்று, வீட்டில் நீரிலிட்டுச் சில மணித்தியாலம் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். இந்திய நியமம் கோருவது 72 மணித்தியாலக் கொதிப்பு. அவ்வளவு விறகு எவரும் எரிக்கவேண்டியதில்லை, யூரியாப் பசை அதற்கு நெடுநேரம் முன்னரே தோற்றுவிடும். பின்னர் கத்தியாற் தகடுகளைப் பிளந்து பார்க்க. மரநார் கிழிந்துவந்தாற் பசை நல்லது. தகடு வழுவழுப்பாகக் கழன்றுவந்தால் அப்பலகையைக் கடையிலேயே விட்டுவிடுக.

அடுத்து, நான்கு விளிம்புகளையும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். உட்டகடுகளுக்கிடையே பொந்து இருப்பின் அவ்விடத்தில் நீர் தங்கும். வளைக்கும்போது பலகை அங்கேயே முறியும். நடுப்பகுதியை விரற்கணுவாற் தட்டினால் பொந்துள்ள இடம் வேறு ஒலி தரும். கொங்கிறீற்றுத் தட்டடிக்கும் கறுத்தப் பலகை நீர்தாங்கும் பசை கொண்டதாயினும், உள்ளே பொந்து மலிந்தது; அதன் வழுவழுப்பான மேற்படலத்தில் பூச்சும் பிடியாது.

ஒரே தடிப்பில் மூன்று தகடுடையதிலும் ஐந்து தகடுடையதே மேல். சிறு தோணியின் பக்கங்களுக்கு 6 மில்லிமீற்றர் போதும். மூடை ஏற்றி, மணலில் இழுக்கப்படும் தோணியாயின் அடிக்கு 9 மில்லிமீற்றர் இடுக.

கடற்பாவனைப் பலகை உக்காது என எண்ணுதல் தவறு. நீரைத் தாங்குவது பசை, மரம் மரமே. பாரங் குறைந்த ஒக்குமேப் பலகை வளைத்தற்கு இலகுவாயினும் விரைவில் உக்கும். ஆதலால் அறுத்த விளிம்புகளுக்கும் ஆணித்துளைகளுக்கும் வர்ணம் பூசுமுன் எப்பொட்சிப் பசையை இருமுறை பூசுதல் அவசியம். நீர் புகுவது பெரும்பாலும் அவ்வழியாலேயே. சாதாரண இரும்பாணி துருப்பிடித்து மரத்தையுங் கெடுக்கும்; செம்பாணியோ நாகம் பூசிய ஆணியோ கொள்க.

தோணியை உக்கச் செய்வதில் உவர்நீரிலும் அதனுள்ளே தேங்கும் மழைநீரே கொடியது. வேலை முடிந்ததும் கவிழ்த்துவைக்க வேண்டும். வெறுந்தரையிலன்றிக் கல்லின் மேலே வைத்தாற் காற்றும் படும், கறையானும் எளிதில் ஏறாது.